கோடை விடுமுறையில் சிறுவர்க்கு இயற்கைக் கல்வி முகாம்

மே மாதம் பள்ளிகளுக்கு விடுமுறைக் காலம். நகரத்துச் சிறுவர்க்குப் பணம் செலுத்திச் சேரும் முகாம்கள் பல உள்ளன. கிராமத்துச் சிறுவர்க்கு அத்தகைய வாய்ப்புக் குறைவு. ஆயினும், இயற்கையைக் கற்பதற்கு வேண்டிய ஏரி, வயல், தோப்பு, கழி ஆகியவை கிராமத்திலேதான் உள்ளன. இவற்றைக் கொண்டு ஊராட்சி குறைந்த செலவில் முகாம் நடத்துவது எவ்வாறு, அதனால் ஊருக்கு விளையும் பயன் யாது என்பவற்றை இங்கு விளக்க விரும்புகிறோம்.

கண்ணால் கண்டும் கையால் தொட்டும் கற்பதே மனத்தில் நிலைக்கும் என்பது புதிய கருத்தன்று. 1937-ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலை நடுவாக வைத்து இதனையே வலியுறுத்தியது. சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இரவில் நடந்து சென்று ஆமை முட்டைகளைச் சேகரித்து, காவலுள்ள இடத்தில் பொரிக்கச் செய்து, குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகின்றனர். அந்த ஆமைக்கு நம் மக்கள் வழங்கும் பெயர் பங்குனி ஆமை. அது கரையேறும் பருவம் பெயரிலேயே அடங்கியுள்ளது. ஊரார் அறிவும் மாணவர் உழைப்பும் சேர்ந்தால் என்ன இயலும் என்பதற்கு இது சான்று.

திருவள்ளூர் மாவட்டத்தில் இக்கல்விக்குத் தனித் தேவையும் உண்டு. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டையும், அத்திப்பட்டு வட்டாரத்தில் அனல் மின் நிலையங்களும் அமைந்துள்ளன. தொழிற்சாலைகள் வேலை தருகின்றன, அவை வேண்டும். அவற்றின் அருகே உள்ள நீர்நிலைகளைக் கண்காணித்தலும் வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி மீனவர் பிழைப்புக் கெட்டது. கூழைக்கடாக்களின் இறகிலும் எண்ணெய் படிந்தது. இத்தகைய கேடு நேரும்போது, 'முன்பு இங்கு என்னென்ன உயிர்கள் இருந்தன?' என்ற கேள்வி எழும். எழுதி வைக்காத ஊர் விடை கூற இயலாது. எழுதும் பணியைச் சிறுவரைக் கொண்டே தொடங்கலாம்.

முகாமில் செய்யத்தக்க பயிற்சிகள் மூன்று.

முதலாவது, மண். நஞ்சை, புஞ்சை, ஏரிப் படுகை ஆகிய மூன்று இடத்து மண்ணையும் தனித்தனிக் கண்ணாடிப் புட்டிகளில் பாதியளவு இட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி, ஒரு நாள் அசையாது வைக்க வேண்டும். மணல் முதலில் அடியில் படியும்; அதன்மேல் வண்டல்; களி மிக மெதுவாக எல்லாவற்றுக்கும் மேலே படியும். ஒரு வயலில் நீர் ஏன் தேங்குகிறது, அடுத்த வயலில் ஏன் வடிகிறது என்பதைச் சிறுவரும் சிறுமியரும் தாமே கண்டுகொள்வர்.

இரண்டாவது, நீர். ஏரிக்கரை ஓரத்தில் வடிகட்டியால் அள்ளியதை நீருள்ள வெள்ளைத் தட்டில் இட்டால் நத்தை, நீர்வண்டு, தட்டானின் இளம்பருவப் பூச்சி முதலியன தெரியும். தட்டான் இறகு முளைக்கும் முன் நீரில் வாழ்ந்து கொசுப்புழுக்களைத் தின்கிறது. பல வகை உயிர்கள் இருப்பது நீரின் நலத்துக்கு அறிகுறி. செந்நிறப் புழுக்கள் மட்டுமே மிகுந்திருந்தால் நீரில் பிராணவாயு குறைந்துள்ளது என ஐயுறலாம். நம் குருதியில் உள்ளது போன்ற செந்நிறப் பொருள் அப்புழுக்களின் உடலிலும் இருப்பதால் அவை அத்தகைய நீரிலும் பிழைக்கின்றன. விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்தில் வாய் திறந்து தவிப்பதும் அதே குறிப்பே. அங்ஙனம் கண்டால், நீரைச் சோதிக்கும்படி ஊராட்சி தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதலாம்.

மூன்றாவது, ஊரார் அறிவு. வளையையும் தடத்தையும் பார்த்து உள்ளே இருப்பது எது என்று கூற வல்ல இருளர் மக்கள் இம்மாவட்டத்தில் பலர் உள்ளனர். பழவேற்காட்டு மீனவர், ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' வழக்கத்தை அறிந்தவர்கள். சாரைப்பாம்பு எலிகளைத் தின்று நெல்லைக் காப்பதை விவசாயிகள் எடுத்துரைக்கலாம். இவர்களை ஆசிரியராக அழைத்து, அன்றையக் கூலிக்குக் குறையாத மதிப்பூதியம் அளித்தல் முறையாகும். வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை கோடையில் இரா. அவற்றைக் காணத் தை மாதத்தில் ஒரு நாள் ஒதுக்கலாம்.

பாதுகாப்பில் சிறிதும் தளர்ச்சி கூடாது. அக்கினி நட்சத்திர வெயிலாதலால் காலை 6 மணிக்குத் தொடங்கி 9 மணிக்குள் வெளிப்பயிற்சியை முடித்துவிட வேண்டும். குடிநீரும் மோரும் நிழலும் இருத்தல் அவசியம். பத்துச் சிறுவர்க்கு ஒரு பெரியவர் உடனிருக்க வேண்டும். முழங்கால் ஆழத்துக்கு மேல் எவரும் இறங்கலாகாது. ஆலைக் கழிவுநீர் சேரும் வாய்க்காலில் கை வைக்கவும், பாம்பைத் தொடவும் கூடாது. பிடித்த உயிர்களைப் பிடித்த இடத்திலேயே விட்டு, கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

ஒவ்வொரு நாளும் சிறுவர்கள் ஓர் ஏட்டில் நாள், இடம், கண்ட உயிர், எண்ணிக்கை, உள்ளூர்ப் பெயர் ஆகியவற்றை எழுத வேண்டும். 2002-ஆம் ஆண்டின் உயிரினப் பன்மைச் சட்டப்படி, ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் இதற்கென ஒரு மேலாண்மைக் குழு அமைத்தல் வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை உருவாக்குவது அக்குழுவின் பணி. சிறுவர் ஏட்டைப் பெரியோர் சரிபார்த்தால் அது பதிவேட்டுக்கு நல்ல துணையாகும்.

மே 1 கிராம சபையில் முகாமுக்குத் தீர்மானம் இயற்றி, ஆகஸ்ட் 15 கிராம சபையில் அந்த ஏட்டைச் சிறுவரைக் கொண்டே படிக்கச் செய்யலாம். அடுத்த ஆண்டும் அதே மாதத்தில், அதே கரையில், அதே முறையில் எண்ணச் செய்தல் வேண்டும். அப்போதுதான் குறைந்தது எது, கூடியது எது என்பது விளங்கும். தங்கள் ஏரியில் வாழ்வன யாவை என்று எண்ணி அறிந்த பிள்ளைகள், நாளை அதனைக் காக்கும் பொறுப்பையும் ஏற்பர். இவ்வாண்டு ஓர் ஏரிக்கரையிலேனும் இப்பணியைத் தொடங்குமாறு ஊராட்சிப் பெருமக்களையும் விவசாய நண்பர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.