சாமை ரொட்டியும் வீட்டு எந்திரமும்: கல்வராயன் மலையடிவாரத்தில் கற்ற பாடம்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறினால் வெள்ளிமலை. போன அறுவடைக்குச் சாமை வாங்க அங்கே போயிருந்தேன். களத்தில் சாமையைத் தூற்றிக்கொண்டிருந்த ஓர் அக்கா, பேச்சுவாக்கில் சொன்னது இன்னும் மனதை உறுத்துகிறது.

“எங்க சாமைய மூட்டையா வித்துப்புடறோம் தம்பி. அந்தக் காசுலயே புள்ளைங்களுக்குக் கடையில பிரெட்டும் பன்னும் வாங்கித் தரோம். சாமைச் சோறு வெச்சா மூஞ்சியத் திருப்பிக்குதுங்க. என்ன பண்றது?”

இது மலைக்கு மட்டும் உள்ள கதை இல்லை. கீழே நம் வீடுகளிலும் இதே கதைதான். வயலில் ரசாயனம் இல்லாமல் விளைவிக்கிறோம், பிள்ளைகளின் காலை உணவோ மைதா ரொட்டி.

கடை ரொட்டியில் என்ன கலக்கிறது என்ற கேள்வி 2016இல் நாடு முழுக்க எழுந்தது. தில்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 38 ரொட்டி, பன் வகைகளைச் சோதித்தது. அவற்றில் 84 விழுக்காட்டில் பொட்டாசியம் புரோமேட்டோ அயோடேட்டோ இருந்தது தெரியவந்தது. மாவு நன்றாக உப்புவதற்காகச் சேர்ப்பது இது. புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற ஐயத்துக்குரிய பொருளாகப் புரோமேட் ஏற்கெனவே பட்டியலிடப்பட்டிருந்தது. அதே ஆண்டு இந்தியாவில் உணவில் அதைச் சேர்க்கத் தடை வந்தது. தடை வந்தது நல்லது. ஆனாலும் நம் பிள்ளை தின்னும் ரொட்டியில் என்ன இருக்கிறது என்று நமக்கே தெரிந்தால் இன்னும் நல்லதுதானே. அதற்காகத்தான் வீட்டில் ரொட்டி எந்திரம் வைத்துப் பார்க்கத் தொடங்கினேன்.

களியும் கூழும் சாமைச் சோறும் உண்ணும் வீட்டுக்கு இந்த எந்திரம் தேவையே இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரொட்டி ஏற்கெனவே நுழைந்துவிட்ட வீடுகளுக்குத்தான் இந்தக் கட்டுரை.

எந்திரம் என்ன செய்கிறது?

ஒரு பாத்திரம், அதன் அடியில் மாவைப் பிசையும் சிறு பிளேடு, சுற்றிலும் சூடேற்றும் கம்பி. அவ்வளவுதான். பிசைவது, உப்ப வைப்பது, திரும்ப ஒருமுறை பிசைந்து காற்றை இறக்குவது, மறுபடி உப்ப வைப்பது, சுடுவது என எல்லாம் ஒரே பாத்திரத்தில் மூன்று, நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இது பிறந்த கதையில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. 1980களில் ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனம் இதை உருவாக்க முயன்றபோது, மேலே கருகியும் உள்ளே வேகாமலும் ரொட்டி வந்தது. அங்கே வேலை பார்த்த இக்குகோ தனக்கா என்ற பெண், ஒசாகா நகர விடுதி ஒன்றின் தலைமை ரொட்டிக் கலைஞரிடம் போய் நின்று பயிற்சி எடுத்தார். அவர் மாவை வெறுமனே பிசையவில்லை, முறுக்கி இழுக்கிறார் என்பதைக் கண்டுபிடித்தார். அதற்கேற்பப் பாத்திரத்தின் உட்சுவரில் வரம்பு போன்ற மேடுகள் வைத்த பிறகுதான் எந்திரம் சரிப்பட்டு, 1987இல் சந்தைக்கு வந்தது. கைவேலைக்காரரின் அறிவு இல்லாமல் எந்திரம் இல்லை. இது உழவுக்கும் பொருந்தும்.

என் முதல் ரொட்டி கோழிக்குப் போனது

முதல் நாள் ஆர்வக்கோளாறில் முழுக்கச் சாமை மாவையே கொட்டினேன். வந்தது ரொட்டி இல்லை, செங்கல். கத்தி இறங்கவில்லை. உடைத்துக் கோழிக்குத்தான் போட்டேன்.

காரணம் பிறகுதான் புரிந்தது. கோதுமையில் குளூட்டன் என்ற பசைப்புரதம் இருக்கிறது. பிசையப் பிசைய அது வலைபோல் இழுபட்டு, ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்து வைக்கிறது. சாமை, தினை, வரகு, கேழ்வரகு எதிலும் அந்தப் பசை கிடையாது. காற்று வெளியே போய்விடும், மாவு அமுங்கிவிடும்.

நம் வீட்டு இட்லியை நினைத்துப் பாருங்கள். அரிசியிலும் குளூட்டன் இல்லை, இட்லி மட்டும் எப்படிப் பூப்போல வருகிறது? உளுந்தின் வழவழப்புதான் அங்கே காற்றைப் பிடிக்கிறது. சிறுதானிய ரொட்டிக்கும் அப்படி ஒரு பிடிமானம் வேண்டும். கோதுமையைத் துணைக்குச் சேர்க்கலாம், இல்லையென்றால் உளுந்து செய்யும் வேலையைச் செய்ய வேறொன்று சேர்க்கலாம்.

முறை 1: கோதுமையோடு சாமை

தொடங்குபவர்களுக்கு இதுதான் ஏற்றது. மொத்த மாவில் நாலில் ஒரு பங்குக்கு மேல் சாமை போக வேண்டாம்.

தண்ணீர் 300 மில்லி, செக்கு எண்ணெய் 2 மேசைக்கரண்டி, நாட்டுச் சர்க்கரை அல்லது வெல்லம் 20 கிராம், உப்பு 8 கிராம், மில்லில் அரைத்துச் சலித்த கோதுமை மாவு 350 கிராம், சாமை மாவு 100 கிராம், உடனடி ஈஸ்ட் 5 கிராம்.

போடும் வரிசை முக்கியம். பெரும்பாலான எந்திரங்களில் முதலில் தண்ணீர், எண்ணெய், வெல்லம், உப்பு. அதன்மேல் மாவு. மாவின் நடுவில் சிறு குழி பறித்து ஈஸ்ட். உப்பும் தண்ணீரும் ஈஸ்ட்டை முன்கூட்டியே தொடக்கூடாது. உங்கள் எந்திரத்தின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

பிசையத் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து மூடியைத் திறந்து பாருங்கள். இந்தக் கட்டத்தில் திறப்பதால் ஒன்றும் ஆகாது. மாவு வழவழப்பான ஒரே உருண்டையாகப் புரள வேண்டும். உதிரியாகக் கிடந்தால் தண்ணீர் ஒவ்வொரு கரண்டியாக, கூழாக இருந்தால் மாவு ஒவ்வொரு கரண்டியாக. நம் மில் மாவு கடை மைதாவைவிடக் கூடுதல் தண்ணீர் குடிக்கும். ஆகவே அளவைவிடக் கண்ணை நம்புங்கள்.

நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீரே வெந்நீர் மாதிரி இருக்கும். அதில் மாவு வேகவேகமாகப் பொங்கி, சுடும்போது நடுவில் பள்ளமாக விழுந்துவிடும். கோடையில் பானைத் தண்ணீர் ஊற்றுங்கள், ஈஸ்ட்டைக் கால் பங்கு குறையுங்கள். மலைமேல் மார்கழிக் குளிரில் வெதுவெதுப்பான தண்ணீர் சரி. கை பொறுக்காத சூடு ஈஸ்ட்டைக் கொன்றுவிடும்.

முறை 2: முழுக்கச் சாமை

சாமை மாவு 250 கிராம், மரவள்ளி ஸ்டார்ச் மாவு 100 கிராம், இசப்கோல் உமி 20 கிராம், வெல்லம் 20 கிராம், உப்பு 7 கிராம், எண்ணெய் 2 மேசைக்கரண்டி, ஈஸ்ட் 6 கிராம், தண்ணீர் 380 முதல் 400 மில்லி. உளுந்து இட்லியில் செய்வதை இசப்கோல் இங்கே செய்கிறது.

இந்த மாவு உருண்டு வராது, கெட்டியான இட்லி மாவுபோல இருக்கும். அதுதான் பதம். இதில் குளூட்டன் இல்லாததால் இரண்டாம் முறை பிசைவது கெடுதலே செய்யும், பிடித்த காற்றும் போய்விடும். குளூட்டன் இல்லாத ரொட்டிக்கெனத் தனி இயக்கம் உங்கள் எந்திரத்தில் இருந்தால் அதை அமுக்குங்கள். இல்லையென்றால் பிசையும் இயக்கத்தில் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஓரத்தில் ஒட்டியதை மரக்கரண்டியால் வழித்து, பிளேடை எடுத்துவிட்டு, முக்கால் மணி நேரம் உப்ப விடுங்கள். பிறகு சுடும் இயக்கம் மட்டும், சுமார் ஒரு மணி நேரம்.

கோதுமை ஒவ்வாத நோயாளி வீட்டில் இருந்தால் ஒரு எச்சரிக்கை. கோதுமை அரைத்த மில்லிலேயே சாமையை அரைத்தால் அதில் கோதுமை மாவு கலந்துவிடும். அவர்களுக்கு அது ஆகாது.

மரவள்ளி பற்றியும் ஒரு வார்த்தை. நம் மாவட்டத்தில் மரவள்ளி நிறைய விளைகிறது. அதற்காக ஜவ்வரிசி ஆலைக்குப் போகிற கசப்பு ரகக் கிழங்கை வீட்டில் அரைத்துச் சேர்க்காதீர்கள். அதில் சயனைடு நஞ்சு கூடுதல். முறையாகக் கழுவிப் பிரித்த ஸ்டார்ச்சையே வாங்குங்கள்.

கல்லும் காறலும்

களத்திலிருந்து வந்த சாமையில் பொடிக்கல் இருக்கும். சோற்றில் என்றால் பல்லில் படும், எந்திரத்தில் என்றால் பாத்திரத்தின் ஒட்டாத பூச்சைச் சுரண்டிவிடும். அரிசியாக்கிய சாமையை அரித்துக் கல் நீக்கி, நிழலில் நன்றாக உலர்த்தி அரையுங்கள். வெல்லத்தையும் அப்படியே போடாமல் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, ஆறவைத்து ஊற்றுங்கள்.

தவிடு நீக்காத சாமை மாவு சீக்கிரம் காறல் எடுக்கும். தவிட்டில் உள்ள எண்ணெய்தான் காரணம். பத்து நாளுக்குத் தேவையானதை மட்டும் அரைத்து, காற்றுப் புகாமல் வையுங்கள்.

மின்சாரம்: இங்கேதான் ஆபத்து

எங்கள் வீட்டு முதல் எந்திரம் மச்சான் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. செருகிய ஐந்தே நிமிடத்தில் புகை. “மாமா, இது 120 வோல்ட்டு மிஷினு. நம்மூரு 230ல போட்டா எரியாம என்ன செய்யும்?” என்று சிரித்தார் எலக்ட்ரீசியன் தம்பி. வெளிநாட்டு உறவினர் தரும் எந்திரத்தின் அடியில் வோல்ட் அளவைப் பார்க்காமல் செருகாதீர்கள்.

இந்த எந்திரங்கள் பெரும்பாலும் 500 முதல் 700 வாட் எடுக்கும். ஒரு ரொட்டிக்கு ஏறத்தாழ அரை யூனிட் ஆகும். எர்த் இணைப்புள்ள மூன்று முள் பிளக்கில் நேரடியாகச் செருகுங்கள். மெல்லிய ஒயர் வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. சோலார் இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் அது இந்த வாட்டைத் தாங்குமா என்று முதலில் கேளுங்கள்.

சுடும்போது எந்திரத்தின் வெளிப்பக்கமும் கொதிக்கும், மூடியின் துளை வழியே ஆவி வரும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில், சமமான மேடையில் வையுங்கள். மாவு பிசையும்போது எந்திரம் அதிர்ந்து நகரும், மேடை ஓரத்தில் வைத்தால் கீழே விழும். ராத்திரியில் நேரம் குறித்துவிட்டுத் தூங்கப் போவதை நான் செய்வதில்லை. பகலில் நேரம் குறித்து வைப்பதானாலும் பால், முட்டை சேர்த்த மாவை அப்படி வைக்காதீர்கள். வெக்கையில் கெட்டுப்போகும்.

நடுவில் கரண்ட் போனால்? சில எந்திரங்கள் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துத் தொடரும், கையேட்டில் பாருங்கள். உப்பும் கட்டத்தில் போனால் கவலை இல்லை. மாவை எடுத்து இட்லிப் பானையில் ஆவியில் வேகவைக்கலாம், தட்டித் தோசைக்கல்லில் சுடலாம். பாதி வெந்த நிலையில் நின்று, கரண்ட்டும் உடனே வரவில்லையென்றால், துண்டு போட்டுக் கல்லில் இருபுறமும் நன்றாக வாட்டுங்கள். வேகாத மாவை யாரும் தின்ன வேண்டாம்.

வெந்த பிறகு

பாத்திரத்தைத் தடித்த துணியால் பிடித்துத் தூக்கி ரொட்டியைக் கவிழ்த்ததும், பிளேடு ரொட்டிக்குள் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஆறிய பின் அதை எடுத்துவிட்டுத்தான் அறுக்க வேண்டும். பாத்திரத்துக்குள் இரும்புக் கரண்டி, கத்தி கூடாது. எந்திரத்தின் உடம்பைத் தண்ணீரில் முக்கவே கூடாது, பிளக்கைப் பிடுங்கி, ஆறவைத்து, ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

சூட்டோடு ரொட்டியை டப்பாவில் அடைக்காதீர்கள். நம் வெக்கையில் மேலே பூஞ்சணம் வரும் முன்பே உள்ளே கெட்டுப்போவது உண்டு. அறுத்தால் நடுவில் பிசுபிசுப்பாக நூல் இழுக்கும், அழுகிய பழ வாடை அடிக்கும். சுட்டாலும் சாகாத ஒருவகை பாக்டீரியாவின் வேலை அது. அந்த ரொட்டியை அப்படியே தூக்கி எறியுங்கள். முழுக்க ஆறவைத்து, இரண்டு நாளுக்குள் தின்று தீர்ப்பதே நல்லது. கடை ரொட்டிபோல ஒரு வாரம் தாங்கவில்லையே என்று வருந்த வேண்டாம். அப்படித் தாங்கவைக்கும் மருந்து இதில் இல்லை.

இதை விற்கலாமா?

நிறைய நண்பர்கள் கேட்கிறார்கள். வீட்டு எந்திரம் ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டு ரொட்டிக்குத்தான். நாள் முழுக்க ஓட்டினால் மோட்டார் தாங்காது. விற்பதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் வேண்டும். வீட்டில் பதம் பிடித்துக்கொண்ட பிறகு, நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஓர் அடுமனை அடுப்பு போடுவதுதான் வழி. அதற்கும் முன்னால் மலையிலேயே உமி நீக்கும் எந்திரம் பரவலாக வேண்டும். சாமையை உமியோடு மூட்டையாக விற்கும்வரை லாபம் வேறெங்கோதான் போகும்.

ஜப்பானில் 2010இல் முழு அரிசியைப் போட்டாலே ரொட்டியாக்கித் தரும் வீட்டு எந்திரம் ஒன்று வந்தது. அதிலும் காற்றைப் பிடிக்கக் குளூட்டன் சேர்க்க வேண்டியிருந்தது. ஆனாலும் பாருங்கள், ரொட்டி தின்னப் பழகிய பிள்ளைகளிடம் தங்கள் நெல்லையே ரொட்டியாக்கிக் கொடுக்க அவர்கள் யோசித்திருக்கிறார்கள். நாம் சாமையை அப்படி யோசிக்கக் கூடாதா?

அடுத்த முறை வெள்ளிமலை போனபோது, அந்த அக்கா வீட்டுக்கு ஒரு சாமை ரொட்டி கொண்டுபோனேன். சின்னவன் இரண்டு துண்டு தின்றுவிட்டு மூன்றாவதுக்குக் கை நீட்டினான். அக்கா ஓரத்தைப் பிய்த்து மென்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “உப்பு கொஞ்சம் தூக்கல் தம்பி. ஆனா நம்ம சாமை வாசம் அப்படியே இருக்குது.”

அந்த வாரமே உப்பைக் குறைத்துவிட்டேன். மேலே தந்திருப்பது அந்தக் குறைத்த அளவுதான்.