ஐம்பதடி தள்ளி நின்று படிக்க முடிகிறதா? உங்கள் வண்டியின் நம்பர் பிளேட் யாருக்காக?

ஒரு நல்ல நாள் காலையில் திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயில் பக்கம் போனால் இந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஷோரூமிலிருந்து நேராக வந்த புது பைக். ஹேண்டில்பாரில் மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், நம்பர் பிளேட்டின் மேல் தாராளமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். பூஜை முடிந்து எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்புகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறும்போது கடைசி இரண்டு எண்கள் சந்தனத்துக்குள்தான் இருக்கின்றன.

பூஜையில் தவறே இல்லை. வீட்டுக்குப் போனதும் ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் போதும். ஆனால் பல பேர் துடைப்பதில்லை. "என் வண்டி நம்பர் எனக்குத் தெரியாதா?" என்று நினைக்கிறோம். உங்களுக்குத் தெரியும், சரி. அந்தப் பிளேட் உங்களுக்காக மாட்டப்பட்டதில்லையே! சாலையில் உங்களை முன்பின் தெரியாத ஒருவர், அவசரமான ஒரு நொடியில், தூரத்திலிருந்து படிப்பதற்காக மாட்டப்பட்டது அது. அதன் நிறம், எழுத்தின் உயரம், இடைவெளி என ஒவ்வொன்றும் இந்த ஒரு காரணத்துக்காகவே விதிகளில் எழுதப்பட்டிருக்கிறது. என்னென்ன என்று பார்ப்போம்.

'07' என்றால் என்ன?

பழைய தமிழ்ப் படங்களில் வரும் கார்களைக் கவனித்திருக்கிறீர்களா? மூன்று எழுத்துகளும் எண்களும் மட்டும் இருக்கும். இன்றைய முறை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்துடன் வந்தது. அந்தச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

முதல் இரண்டு எழுத்துகள் மாநிலத்தைக் குறிக்கும். நமக்கு டி.என். அடுத்த இரண்டு இலக்கங்கள் வண்டியைப் பதிவு செய்த போக்குவரத்து அலுவலகம். 07 என்றால் சென்னை தெற்கு, அதாவது நம்ம திருவான்மியூர் ஆர்.டி.ஓ. ஆபீஸ். மந்தைவெளிக்கு 06, கே.கே. நகருக்கு 09, சோழிங்கநல்லூருக்கு 14. அதற்குப் பிறகு வருவது வரிசை எழுத்து. கடைசியில் 1 முதல் 9999 வரை ஓர் எண். 9999 முடிந்ததும் வரிசை எழுத்து மாறும்.

"07 போட்ட வண்டின்னா அடையாறு, திருவான்மியூர் ஆளுங்க வண்டிதான்" என்று சொல்பவர்கள் உண்டு. அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. மதுரைக்குக் குடிபோனாலும் அதே எண்தான் தொடரும். புது முகவரியை மட்டும் 30 நாட்களுக்குள் அங்குள்ள அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவுச் சான்றில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

அடிக்கடி மாநிலம் விட்டு மாநிலம் மாற்றலாகிப் போகிறவர்களுக்காக 2021 செப்டம்பர் 15 முதல் 'பி.எச்.' என்ற பாரத் வரிசை இருக்கிறது. அரசு மற்றும் பொதுத்துறை ஊழியர்களும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களும் சொந்த வண்டிக்கு இதைப் பெறலாம். இந்த வரிசையில் ஐ, ஓ ஆகிய இரண்டு ஆங்கில எழுத்துகளும் கிடையாது. ஒன்று, பூஜ்ஜியம் என்று தவறாகப் படித்துவிடக் கூடாது அல்லவா?

நிறம் என்ன சொல்கிறது?

எண்ணைப் படிப்பதற்கு முன்பே நிறம் கண்ணில் படும். எந்த வகை வண்டி என்பதை அதுவே சொல்லிவிடும்.

வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து: சொந்த உபயோக வண்டி.
மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து: ஆட்டோ, டாக்ஸி, லாரி போன்ற வாடகை, சரக்கு வண்டிகள்.
கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து: நாமே ஓட்டிக்கொள்ளும் வாடகை வண்டி.
பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து: பேட்டரியில் ஓடும் சொந்த வண்டி.
பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து: பேட்டரியில் ஓடும் வாடகை வண்டி.
மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து: தற்காலிகப் பதிவு.
சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்து: விற்பனையாளரிடம் உள்ள, இன்னும் பதிவாகாத வண்டி.

இரவு பத்து மணிக்கு ஒரு கார் வந்து நின்று, "ஏறுங்கம்மா, டாக்ஸிதான்" என்று டிரைவர் சொல்கிறார். பலகை வெள்ளையாக இருந்தால் அது வாடகைக்கு ஓட்ட அனுமதி பெற்ற வண்டி இல்லை. ஏறாதீர்கள்.

எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 50, 51-ஆம் விதிகள் இதைச் சொல்கின்றன.

சாதாரண பைக், ஸ்கூட்டருக்கு முன்பக்கம் எழுத்தும் எண்ணும் 30 மி.மீ. உயரம், 5 மி.மீ. தடிமன். பின்பக்கம் எழுத்துகள் 35 மி.மீ., எண்கள் 40 மி.மீ. உயரம், தடிமன் 7 மி.மீ. கார், பஸ், லாரிக்கு உயரம் 65 மி.மீ., தடிமனும் இடைவெளியும் 10 மி.மீ. 500 சி.சி.க்கு மிகாத ஆட்டோவுக்கு 35 மி.மீ.

பைக்கின் பின்பக்கத்தில் எண்கள் எழுத்துகளைவிடப் பெரியவை என்பதைக் கவனித்தீர்களா? தப்பி ஓடும் வண்டியில் மனிதர் பார்ப்பது பின்பக்கத்தைத்தான். மனதில் நிற்பதும் பெரும்பாலும் அந்த நான்கு எண்கள்தான்.

இன்னொன்று, பின்பக்க பிளேட்டுக்கு மேல் ஒரு சின்ன வெள்ளை விளக்கு இருக்குமே, அது அழகுக்கு வைத்ததில்லை. இரவில் 15 மீட்டர் தூரத்திலிருந்து, அதாவது ஏறக்குறைய ஐம்பதடி தள்ளி நின்று எண்ணைப் படிக்க முடிய வேண்டும் என்று விதி சொல்கிறது. அந்த பல்பு ஃபியூஸ் போய் எத்தனை மாதம் ஆகிறதென்று நம்மில் பலருக்குத் தெரியாது.

புது பிளேட்டில் என்ன விசேஷம்?

2019 ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புப் பதிவெண் பலகை கட்டாயம். வண்டித் தயாரிப்பாளரே கொடுத்து, ஷோரூமிலேயே மாட்டித் தர வேண்டும்.

உங்கள் வண்டியில் அது இருந்தால் கிட்டே போய்ப் பாருங்கள். 1 மி.மீ. கனமுள்ள அலுமினியத் தகடு. அதனால் கடற்காற்றிலும் துருப்பிடிக்காது. எழுத்துகள் பெயின்டால் எழுதப்படாமல், அழுத்தி மேடாக்கப்பட்டிருக்கும். இடது மேல்மூலையில் அசோகச் சக்கரம் பதித்த 20 மி.மீ. சதுர ஹோலோகிராம். கீழே நீல நிறத்தில் 'ஐ.என்.டி.' அதற்கும் கீழே லேசரால் பொறித்த தனி அடையாள எண். எழுத்துகளின் மேல் 'இந்தியா' என்ற சொல் ஆங்கிலத்தில் 45 டிகிரி சாய்வாகத் திரும்பத் திரும்ப வரும். பின்பக்கம் மாட்டியிருப்பது ஒருமுறை பூட்டினால் உடைத்துத்தான் எடுக்க வேண்டிய பூட்டு. திருடிய வண்டிக்கு வேறு பிளேட் மாட்டுவதைக் கடினமாக்கவே இந்த ஏற்பாடு.

கார்களுக்கு முன் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கரும் உண்டு. பெட்ரோல், சி.என்.ஜி. வண்டிக்கு இளநீலம், டீசலுக்கு ஆரஞ்சு.

பிளேட் உடைந்தாலோ தொலைந்தாலோ தெருவோரக் கடையில் அதே மாதிரி அச்சடித்து மாட்டிக்கொள்ளாதீர்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும். அதிலுள்ள லேசர் எண் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. தொலைந்திருந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். பிறகு உங்கள் வண்டி நிறுவனத்தின் டீலரிடம் மாற்றுப் பலகை கேளுங்கள்.

ஃபேன்சி நம்பர் வேறு, ஃபேன்சி பிளேட் வேறு

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். விருப்பமான எண்ணை அதற்குரிய கட்டணம் கட்டி முறைப்படி வாங்கலாம். அதில் தவறில்லை. ஆனால் 8055 என்ற எண்ணை ஆங்கிலத்தில் 'பாஸ்' என்று தெரிவதுபோல வளைத்து எழுதுவது தவறு. சாய்வெழுத்து, கொடிபோல் சுற்றிய எழுத்து, பிளேட்டில் தலைவர் படம், நடிகர் படம், சாமி பெயர், ஊர்ப் பெயர் எதுவும் கூடாது.

"தமிழ்ல எழுதினா என்ன தப்பு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நம் வண்டி நாளை திருப்பதி போகும், பெங்களூரு போகும். அங்கே சாலையில் நிற்பவரும் படிக்க வேண்டும், எண்ணை வாசிக்கும் கேமராவும் படிக்க வேண்டும். அதனால் நாடு முழுவதும் பதிவெண் ஆங்கில எழுத்திலும் நாம் அன்றாடம் எழுதும் 1, 2, 3 எண்களிலும் இருக்க வேண்டும் என்பது விதி. வண்டியில் தமிழுக்கு இடமுண்டு. பிளேட்டில் மட்டும் வேண்டாம்.

பிளேட்டில் 'போலீஸ்', 'பிரஸ்', 'அட்வகேட்' என்று ஒட்டும் ஸ்டிக்கர்களுக்கு எதிராகச் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2024 மே 2 முதல் நடவடிக்கை எடுக்கத் தொடங்கியது. பிளேட் விதிப்படி இல்லாவிட்டால் 177-ஆம் பிரிவின் கீழ் முதல் முறை 500 ரூபாய் வரையிலும், அடுத்தடுத்த முறை 1,500 ரூபாய் வரையிலும் அபராதம் உண்டு.

படிக்க முடியாவிட்டால் யாருக்கு நஷ்டம்?

500 ரூபாய் போனால் போகட்டும் என்று தோன்றலாம். நஷ்டம் அதுவல்ல. இந்தக் கணக்கைப் பாருங்கள்.

30 வயதுள்ள ஒருவர், சுயதொழிலில் மாதம் 20,000 ரூபாய் சம்பாதிக்கிறார். மனைவி, இரண்டு குழந்தைகள். சாலையைக் கடக்கும்போது ஒரு வண்டி மோதிவிட்டு நிற்காமல் போகிறது. அவர் இறந்துவிடுகிறார்.

வண்டி எது என்று தெரியவே இல்லை என்றால், 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திட்டப்படி அந்தக் குடும்பத்துக்குக் கிடைப்பது 2 லட்சம் ரூபாய். பலத்த காயம் மட்டும் என்றால் 50,000 ரூபாய்.

வண்டியின் எண் தெரிந்தால்? காப்பீடு எந்த நிறுவனத்தில் என்று கண்டுபிடித்து, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடலாம். உச்ச நீதிமன்றம் சரளா வர்மா வழக்கிலும் (2009), பிரணய் சேத்தி வழக்கிலும் (2017) வகுத்த கணக்கு முறை இது. ஆண்டு வருமானம் 2,40,000. எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 3,36,000. அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 2,24,000. 30 வயதுக்கான பெருக்கல் எண் 17. ஆக 38,08,000 ரூபாய்.

தீர்ப்பாயம் ஒவ்வொரு வழக்கிலும் ஆதாரத்தைப் பார்த்துத்தான் தொகையை முடிவு செய்யும். ஆனாலும் வித்தியாசம் புரிகிறதல்லவா? 2 லட்சத்துக்கும் 38 லட்சத்துக்கும் நடுவில் நிற்பது யாரோ ஒருவர் கண்ணில் பட்ட நான்கு எண்கள். அந்த எண்கள் சந்தனத்துக்குள்ளோ, மாலைக்குப் பின்னாலோ, வளைந்த எழுத்திலோ இருந்திருந்தால்?

அந்த 'யாரோ ஒருவர்' நாளை நீங்களாகவும் இருக்கலாம். விபத்தைப் பார்த்தால் முதலில் 108-ஐ அழையுங்கள். ஓடிய வண்டியின் நிறம், கடைசி நான்கு எண்கள், இரண்டையும் உடனே போனில் குறித்துக்கொண்டு போலீசாரிடம் சொல்லுங்கள். "நமக்கெதுக்கு வம்பு, கோர்ட்டு கேஸுன்னு அலையணும்" என்று பயப்பட வேண்டாம். உதவ வருபவரைச் சட்டத்தின் 134-ஏ பிரிவு பாதுகாக்கிறது. பெயர், முகவரி கொடுக்கும்படி உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

இன்று மாலை செய்து பாருங்கள்

வேலை முடிந்து வந்து வண்டியை நிறுத்தியதும் இந்த ஐந்தையும் சரிபாருங்கள்.

1. சேறு, சந்தனம், ரிப்பன், பூ எதுவும் எண்ணை மறைக்கவில்லையே? துடைத்துவிடுங்கள்.
2. பிளேட்டில் எண்ணைத் தவிர வேறு எழுத்து, படம், ஸ்டிக்கர் இருக்கிறதா? எடுத்துவிடுங்கள்.
3. பழைய பிளேட் என்றால் ஸ்கேல் வைத்து எழுத்தின் உயரத்தை அளந்து பாருங்கள். பெயின்ட் உதிர்ந்திருந்தால் மாற்றுங்கள்.
4. ஸ்டாண்டு, கேரியர், பின்னால் தொங்கும் பை எதுவும் பிளேட்டை மறைக்கக் கூடாது.
5. இருட்டியதும் பின்பக்க விளக்கைப் போட்டுவிட்டு, தெருவில் ஐம்பதடி தள்ளிப் போய் நில்லுங்கள். வீட்டிலுள்ள பிள்ளையைக் கூப்பிட்டு, "அந்த நம்பரைப் படி, பார்ப்போம்" என்று சொல்லுங்கள்.

பிள்ளை தடுமாறாமல் படித்துவிட்டால் உங்கள் பிளேட் சரியாக இருக்கிறது. தடுமாறினால், ஒரு புது பல்பும் ஓர் ஈரத்துணியும் போதுமா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.