மண்வள அட்டையும் விகிதக் கணக்கும்

மண்வள அட்டை இன்று பல விவசாயிகளின் கையில் இருக்கிறது. ஆயினும் அதில் கண்ட எண்களைத் தம் வயலுக்குரிய உர எடையாக மாற்றுமிடத்தில் பலர் தடுமாறுகின்றனர். பள்ளியில் பயின்று, தேர்வு முடிந்ததும் நாம் மறந்துவிட்ட விகிதக் கணக்கே இதற்குப் போதுமானது.

ஓர் அட்டையில் நெல்லுக்கு, ஹெக்டேர் ஒன்றுக்குத் தழைச்சத்து 120 கிலோ, மணிச்சத்து 40 கிலோ, சாம்பல் சத்து 40 கிலோ என்று இருப்பதாகக் கொள்வோம். வயலின் பரப்பு 35 சென்ட். ஹெக்டேர் என்பது 247 சென்ட். 247 சென்டுக்கு 120 கிலோ எனில் 35 சென்டுக்கு எவ்வளவு? 120ஐ 35ஆல் பெருக்கி 247ஆல் வகுத்தால் 17 கிலோ.

இது தழைச்சத்தின் எடையேயன்றி யூரியாவின் எடையன்று. 100 கிலோ யூரியாவில் தழைச்சத்து 46 கிலோதான். ஆகவே 17ஐ 100ஆல் பெருக்கி 46ஆல் வகுக்க வேண்டும். 37 கிலோ யூரியா வரும். அதனையும் ஒரே முறையில் இடாமல், பருவத்துக்கேற்பப் பிரித்தே இடவேண்டும்.

அட்டையில் 120 என்று கண்டதும், ஏக்கருக்கு 120 கிலோ யூரியா என்று கொள்வோரைப் பல ஊர்களில் கண்டிருக்கிறோம். இதில் இரண்டு பிழைகள் உள்ளன. ஹெக்டேரை ஏக்கராகக் கொண்டதால் அளவு ஏறத்தாழ இரண்டரை மடங்காகிறது; சத்தை உரமாகக் கொண்டதால் பாதிக்கும் கீழே இறங்குகிறது. இரு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, உரிய 106 கிலோவுக்குச் சற்றே மிகுதியாக நின்றுவிடுகிறது! பயிரும் கெடுவதில்லை, அதனால் கணக்கும் சரியென்றே நம்பிவிடுகிறார்கள். அதே வழக்கப்படி சூப்பர் பாஸ்பேட் 40 கிலோ இட்டால் என்ன ஆகும்? அதில் மணிச்சத்து நூற்றுக்கு 16 பங்குதான். ஏக்கருக்கு வேண்டியது 101 கிலோ, பாதிகூடச் சேரவில்லை. நூற்றுக்கு 60 பங்கு சத்துள்ள பொட்டாஷோ 27 கிலோ போதும். எஞ்சிய 13 கிலோவுக்குக் கொடுத்த காசு வீண். கிராம சபை கூடும் நாளில் பஞ்சாயத்து உறுப்பினர்கள் தம் ஊர் அட்டை ஒன்றை எடுத்துக் கரும்பலகையில் இக்கணக்கைப் போட்டுக் காட்டுவது நலம்.

சூப்பருக்குப் பதிலாக டி.ஏ.பி. இடுவோர், அதில் நூற்றுக்கு 18 பங்கு தழைச்சத்தும் உண்டென்பதை மறக்கலாகாது. நமது 35 சென்டுக்குச் சுமார் 12 கிலோ டி.ஏ.பி. இட்டால், யூரியாவில் ஏறக்குறைய 5 கிலோவைக் குறைத்துக்கொள்ளலாம்.

விகிதம் நிலப்பரப்புக்குச் செல்லும், விளைச்சலுக்குச் செல்லாது. யூரியாவை இருமடங்காக்கினால் நெல் இருமடங்காவதில்லை. பயிர் சாயும், புகையான் பெருகும்.

மூட்டைக் கணக்கில் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 50 கிலோவாக இருந்த யூரியா மூட்டை 2018ஆம் ஆண்டு 45 கிலோவாயிற்று. பழைய நினைவில் இரண்டு மூட்டை வாங்கினால் வீடு வந்து சேர்வது 90 கிலோதான்.