கருகிய தாலாட்டுகளும் குற்றத்தின் பண்பாட்டு ஆய்வும்

இலங்கையின் மலையகத்தில் எது குற்றம் என்பதைத் தோட்டத்துரைமாரின் தேவையே நெடுங்காலம் தீர்மானித்தது. முன்னறிவிப்பின்றித் தோட்டத்தை விட்டுப்போன தொழிலாளியை 1865ஆம் ஆண்டுச் சட்டம் சிறைக்கு அனுப்பியது, அவர் பட்ட கடனைக் கட்டுவோரிடம் அவரை விடுவிப்பதாக எழுதிய 'துண்டு' என்ற முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரங்களில், தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளான லயங்களும் கடைகளும் எரிந்து, பலர் உடுத்த துணியோடு ஓடியபோது, எரித்தவர்கள் தண்டிக்கப்பட்டது அரிது. கொட்டகலை, ஹட்டன், தலவாக்கலை வட்டாரத்தின் முதியோருக்கு இந்த முரண் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதன்று.

இத்தகைய வன்முறையைப் பண்பாட்டு ஆய்வு எப்படி எழுதலாம் என்று கேட்டவர், இலங்கையில் பிறந்து நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்த மானிடவியலாளர் வலன்டைன் டானியல். தோட்டத் தொழிலாளரின் நாட்டார் பாடல்களைத் தொகுக்கும் நோக்கோடு 1983இல் இலங்கைக்கு வந்த அவர், அவ்வாண்டின் ஜூலைக் கலவரத்துக்குப் பின் மக்கள் தாங்கள் கண்ட கொலைகளையே சொல்லக் கேட்டார். அதன் விளைவாக 1996இல் வெளிவந்த நூலின் பெயர் 'சார்ட் லல்லபைஸ்', அதாவது கருகிய தாலாட்டுகள்.

ஒரு குறிப்பிட்ட இனத்தின் வாழ்வை விவரிக்கும் எழுத்தை இனவரைவியல் என்பர். டானியல் தம் நூலை அப்படி அழைக்க மறுத்து, 'மானிடவரைவியல்' என்று பொருள்படும் சொல்லைக் கையாண்டார்; ஏனெனில் வன்முறையை ஓர் இனத்தின் இயல்பென்று எழுதிவிட்டால், அது மனிதர் எவரும் செய்யக்கூடியது என்ற உண்மை மறைந்துவிடும். இந்த மறுப்பே அவருடைய பணிகளில் தலையாயது எனலாம்.

நூலில் ஓரிடம் எளிதில் கடக்க முடியாதது. தந்தையைக் கொலையில் இழந்த ஒரு பெண், அவருக்கு நேர்ந்ததை உலகுக்குச் சொல்லுங்கள் என்று ஒருமுறை வேண்டுகிறார். பின்னர், மானத்தோடு வாழ்ந்த அவர் இப்படிச் செத்ததை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்கிறார். நீதிமன்றத்தில் இது முன்னுக்குப் பின் முரணான சாட்சியமாகத் தள்ளப்படலாம், ஆனால் டானியல் இரண்டு வேண்டுகோள்களையும் அப்படியே பதிவு செய்து, எந்தக் கோட்பாட்டாலும் முழுதும் விளக்கித் தீர்க்க முடியாத மிச்சம் ஒன்று வன்முறையில் உண்டென்றும், ஆய்வாளர் அதை விளங்கிக்கொண்டதாகப் பாவனை செய்யலாகாதென்றும் வாதிடுகிறார்.