மண் ரோட்டில் வரி போடுவது யார்?

மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா பாலைவனத்தில் யாரோ ஜீப் ஓட்டிய வீடியோவைப் பார்த்துவிட்டு விரிஞ்சிபுரத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "தார் முடிந்து மண் தொடங்கியதும் அந்த வண்டி உதறுகிற உதறல் எங்கள் ஊர் கிராவல் ரோட்டிலும் அப்படியே இருக்கிறது. ஒரே இடைவெளியில், குறுக்குக் குறுக்காக வரிகள். அங்கே பாலைவனம், இங்கே பாலாற்றங்கரை. இந்த வரிகளை யார் போட்டது?"

வழித்துணைநாதர் என்ற பெயரில் சிவன் குடியிருக்கும் ஊரிலிருந்து சாலையைப் பற்றிக் கேள்வி வருவது நியாயம்தான். வாசகர் பார்த்தது மெக்சிகாலியிலிருந்து தெற்கே இறங்கும் 5ஆம் எண் நெடுஞ்சாலையாக இருக்கலாம். கொன்சாகா விரிகுடாவுக்குக் கீழே அது பல பத்தாண்டுகள் தார் காணாமல் கிடந்தது. டயர் கிழிவதும் நட்டு போல்ட் கழல்வதும் அங்கே சகஜமாக இருந்தது. அண்மையில்தான் தார் போட்டார்கள்.

இந்த வரிகளுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். லாரியின் ஸ்பிரிங், டிரைவர் போடும் பிரேக், காண்ட்ராக்டர் குறைத்துக் கொட்டிய கிராவல். கடைசிக் குற்றச்சாட்டு வேறு விஷயங்களில் உண்மையாகவே இருக்கலாம். இதில் அவரை விட்டுவிடலாம். நல்ல கிராவல் கொட்டி மட்டம் பார்த்து உருட்டிய ரோடாக இருந்தாலும், ஈரம் காய்ந்து மேல்மண் உதிரத் தொடங்கியதும் வரி விழும். வரியைப் போடுவது சக்கரம்.

ஏரியில் ஓட்டாஞ்சில்லு விட்டெறிந்த கைகளுக்கு இது சட்டென்று புரியும். (பாலாற்றில் எறிந்து பழகுங்கள் என்று சொல்ல ஆசைதான், தண்ணீர் வேண்டுமே. 2021 நவம்பரில் வந்தது; விரிஞ்சிபுரம் தரைப்பாலத்தைச் சேதப்படுத்திவிட்டுப் போனது.) சில்லை மெதுவாக எறிந்தால் முழுகும். வேகமாகத் தட்டையாக விட்டால், முன்னால் இருக்கும் தண்ணீரைத் தள்ளும். தள்ளப்பட்ட தண்ணீர் அதை மேலே தூக்கும். சில்லு எகிறும், விழும், மறுபடி எகிறும். இப்போது ஏரித் தண்ணீர் முழுக்க மணலாக மாறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சில்லு விழுந்த இடத்தில் ஒரு பள்ளம், அதன் முன்விளிம்பில் ஒரு மேடு. தண்ணீர் என்றால் மறுநொடி மூடிக்கொள்ளும், மணல் மூடாது. ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் வரிசையில் நின்று அதே பாதையில் எறிகிறார்கள். இரண்டாவது சில்லு முதல் சில்லின் மேட்டில் பட்டு எகிறி, முதல் சில்லு விழுந்த இடத்துக்குக் கிட்டேயே விழுந்து, பள்ளத்தை இன்னும் ஆழமாக்குகிறது. நூறாவது பிள்ளைக்கு எங்கே எகிறுவது, எங்கே விழுவது என்று தீர்மானிக்கும் உரிமையே இல்லை. முந்தைய தொண்ணூற்றொன்பது பேரும் சேர்ந்து தீர்மானித்துவிட்டார்கள். நூற்றோராவது பிள்ளை டவுன் பஸ்.

சக்கரத்துக்கும் இதுதான் கதை. சக்கரம் எப்போதும் தனக்கு முன்னே கொஞ்சம் மண்ணைத் தள்ளிக்கொண்டு போகிறது. அந்த மண் திருப்பித் தரும் உந்துதல் வேகத்தின் இருமடிப் போக்கில் ஏறும்: வேகம் இரண்டு மடங்கானால் உந்துதல் நான்கு மடங்கு. வண்டியின் எடையோ மாறுவதில்லை. மெதுவாகப் போனால் எடை ஜெயிக்கும்; வழியில் ஒரு சிறு மேடு இருந்தாலும் சக்கரம் அதை அமுக்கிச் சமமாக்கிவிட்டுப் போகும். ஒரு எல்லை வேகத்தைத் தாண்டினால் உந்துதல் ஜெயிக்கும்; அதே மேட்டில் சக்கரம் துள்ளும், சற்றுத் தள்ளி விழும், அங்கே தோண்டும்.

வரலாறும் கொஞ்சம் சொல்லாமல் விட்டால் கடிதம் போடுவார்கள். 1963இல் கீத் மேதர் என்பவர் வட்டமான மணல் பாதையில் ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு வரிகளை வரவழைத்துக் காட்டினார். 2007இல் டபெர்லே, மாரிஸ், மெக்எல்வெய்ன் மூவரும் சக்கரத்தை ஓரிடத்தில் நிறுத்தி, மணல் போட்ட மேசையைச் சுழற்றினார்கள். போதும்.

அந்த மேசை சொன்னதுதான் சுவாரசியம். ஸ்பிரிங்கை எடுத்தாலும் வரி விழுந்தது. சக்கரத்தின் அளவை மாற்றினாலும் விழுந்தது. சக்கரத்தையே கழற்றிவிட்டு வெறும் தகட்டை மாட்டினாலும் விழுந்தது. எல்லை வேகம் மட்டும்தான் கணக்கு. சாதாரண வாகனத்துக்கு அது மணிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர்தான் வருகிறது. எடையைக் கூட்டித் தப்பிக்கவும் வழியில்லை: அவர்கள் கண்ட விதிப்படி எடை 16 மடங்கு ஏறினால்தான் எல்லை வேகம் இரண்டு மடங்காகும். மாட்டு வண்டி போன மணல் பாதையில் நீளவாட்டில் தடம் இருக்கும், குறுக்கு வரி இருக்காது. மாட்டுக்கு இயற்பியல் தெரிந்ததால் அல்ல, எல்லை வேகத்தைத் தொட அதற்கு அவசரம் இல்லாததால். இன்னொன்று, வரிகள் நின்ற இடத்தில் நிற்பதில்லை. வண்டிகள் போகும் திசையிலேயே மெல்ல மெல்ல நகர்கின்றன.

இதைப் படித்த பின் கார் விளம்பரங்களைப் பாருங்கள். எந்தக் கரடுமுரடையும் விழுங்கிவிடும் சஸ்பென்ஷன் என்கிறார்கள். உங்கள் முதுகுக்கு அது நல்லதாக இருக்கலாம். ரோட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. வரிகள் முக்கால் மீட்டர் இடைவெளியில் இருந்து நீங்கள் மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால் வினாடிக்குச் சுமார் 15 முறை அடி விழும். இன்னும் வேகமெடுத்தால் உதறல் குறையும் என்பதைப் பாஹா டிரைவர்கள் முதல் நம் மினிவேன்காரர்கள் வரை எல்லோரும் அறிவார்கள். சக்கரம் மேடுகளின் தலையை மட்டும் தொட்டுப் பறக்கிறது. பறக்கும் சக்கரத்துக்கு ஸ்டியரிங்கும் தெரியாது, பிரேக்கும் தெரியாது. வளைவில் ஆடு குறுக்கே வந்தால் அந்தச் சொகுசின் விலை தெரியும்.

மண்ணில் ஊற்றினால் ரோடே கல்லாகும் என்று விற்கப்படும் திரவங்களையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கவேண்டும். மண் உதிராமல் பிடித்திருக்கும்வரை வரி விழாது, உண்மை. பிடிப்பு எத்தனை மழைக்குத் தாங்கும் என்பதைக் கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள். காற்றின் ஈரத்தை இழுத்துப் புழுதியை அடக்கக் கால்சியம் குளோரைடு தெளிப்பது வெளிநாடுகளில் உண்டு. உப்புதானே வேண்டும், ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளில் தோலிலிருந்து உதறிய உப்பு குவிந்து கிடக்கிறதே என்று யாரும் கிளம்ப வேண்டாம். சோற்றுப்பு அந்த அளவுக்கு ஈரம் இழுக்காது. ஒரே மழையில் கரைந்து கிணற்றுக்குப் போகும். உப்பு இறங்கிய கிணறுகள் பாலாற்றங்கரையில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.

பலிக்கும் வைத்தியம் பழையதுதான்: பள்ளத்தின் அடிக்கும் கீழே வரை கிளறி, தண்ணீர் தெளித்து, களி கலந்த கிராவலோடு உருட்டுவது. மேட்டை மட்டும் சீவினால் அடியில் இறுகியும் தளர்ந்தும் மாறிமாறிக் கிடக்கும் மண், அதே இடங்களில் மறுபடி வரியை எழுப்பும். சீவுகிற கிரேடரின் தகடும் மேசையில் மாட்டிய தகடு போலத்தான், அதற்கும் எல்லை வேகம் உண்டு. வாசகர் அடுத்த முறை அந்த ரோட்டில் கிரேடரைப் பார்த்தால் பக்கத்தில் நடந்து பார்க்கட்டும். அவர் ஓட வேண்டியிருந்தால், கிரேடர் பழைய வரியை அழித்துவிட்டுப் புது வரி போட்டுக்கொண்டிருக்கிறது.