இருட்டு என்று முதலில் சொன்னவர்



கன்னியாகுமரிக் கடற்கரையில் இருக்கும் காந்தி மண்டபம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். 1948 பிப்ரவரி 12 அன்று கடலில் கரைப்பதற்கு முன் அவருடைய அஸ்திக் கலசம் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட இடம் அது. அந்தச் சாவு நடந்த இரவில் வானொலி வழியாக வந்த ஓர் உரையைப் பற்றி இன்று பேசலாம் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 30, வெள்ளிக்கிழமை. காந்தி சுடப்பட்ட சில மணி நேரத்தில் பிரதமர் நேரு ஒலிவாங்கி முன் நின்றார். கையில் எழுதிய தாள் இல்லை. நம் வாழ்விலிருந்து ஒளி போய்விட்டது, எங்கும் இருள், என்ன சொல்வது என்றே தெரியவில்லை என்று தொடங்கினார். சற்று நேரத்தில் தன் சொல்லைத் தானே திருத்தினார். ஒளி போயிற்று என்று சொன்னேனே, அது தவறு. அது சாதாரண ஒளி அல்ல, ஆயிரம் ஆண்டு கழித்தும் தெரியும் என்றார்.

சொன்னதை மறுத்து, அதைவிடப் பெரிதாகச் சொல்வது பழைய உரோமைப் பேச்சாளர்கள் கையாண்ட உத்தி. மேடைக்கு மேடை அதை ஒத்திகை பார்த்துச் செய்பவர்களும் உண்டு. நேருவிடம் அது பலித்ததற்குக் காரணம் வரிசை. முதலில் கேட்பவரின் இருட்டுக்குள் தானும் இறங்கினார். எடுத்த எடுப்பில் ‘காந்தி சாகவில்லை’ என்றிருந்தால் யார் நம்பியிருப்பார்?

இன்னொன்றும் இருந்தது. பிரிவினையின் இரத்தம் காயாத நாள்கள் அவை. கொன்றவன் இன்ன மதத்தான் என்று ஒரு வதந்தி கிளம்பினால் போதும், ஊர்கள் எரியும். அவனைப் பித்தன் என்று மட்டுமே நேரு சொன்னார். கோபப்படச் சொல்லாமல், நாட்டில் பரவிய நஞ்சை எதிர்க்கச் சொன்னார். பிறகு செய்ய வேண்டிய காரியம்: நாளை நோன்பும் செபமும்; மாலை 4 மணிக்குத் தகனம் நடக்கும்போது வெளியூர்க்காரர்கள் ஆற்றுக்கோ கடலுக்கோ போய்ச் செபியுங்கள். துக்கத்தில் கைகளுக்கும் கால்களுக்கும் ஒரு வேலை வேண்டும் அல்லவா?

இன்றைய நற்செய்தியில் பெத்தானியாவைப் பாருங்கள். இலாசரை எழுப்பப் போவது இயேசுவுக்குத் தெரியும். ஆனாலும் மரியா அழுவதைக் கண்டு அவரும் அழுகிறார். கல்லறைக் கல்லை அகற்றச் சொல்வது அதற்குப் பிறகுதான்.

குருக்களாகிய நாங்கள் இந்த வரிசையை அடிக்கடி மறந்துவிடுகிறோம். 2017-இல் ஒக்கி புயலுக்குப் பிறகு ஒரு கடற்கரை ஊரில், கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்கான திருப்பலியில் நான் நேராக உயிர்ப்பைப் பற்றிப் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் ஒரு மூதாட்டி, “சாமி, பிள்ளைக்க உடம்புகூட கெடைக்கல்ல. அதுக்குள்ள மோட்சத்துக்கு அனுப்பிட்டியளே” என்றார்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். பிரசங்கம் எதுவும் வைக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து செபமாலை சொன்னோம். பாதியில் அவர் அழுதபோது நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.