காப்பி கேட்டதற்கு ஜெயில்! சர்ச்சில் "அடி வாங்க" பழகிய மாணவர்கள்

அடி வாங்குவதற்குப் பயிற்சி உண்டா? உண்டு. அதுவும் சர்ச்சுக்குள்ளே!

அமெரிக்காவின் டென்னசி மாநிலத் தலைநகர் நாஷ்வில். 1960 தொடக்கத்தில் அங்கே கடைத்தெருவின் பெரிய கடைகளில் கறுப்பின மக்கள் சாமான் வாங்கலாம். ஆனால் அதே கடையில் உட்கார்ந்து ஒரு காப்பி சாப்பிட முடியாது. அந்த நாற்காலிகள் வெள்ளையருக்கு மட்டும்!

இதை எதிர்த்துக் கிளம்பியவர்கள் கல்லூரி மாணவ-மாணவிகள்.

நாகபுரியில் கற்ற பாடம்

அவர்களுக்கு வழிகாட்டியவர் ஜேம்ஸ் லாசன். ராணுவத்தில் சேர மறுத்து ஜெயிலுக்குப் போனவர். 1953-ல் மெதடிஸ்ட் சபை ஊழியராக நம் நாட்டுக்கு வந்தார். நாகபுரி ஹிஸ்லாப் கல்லூரியில் 3 ஆண்டுகள் பணியாற்றினார். காந்திஜியின் சத்தியாக்கிரகத்தை இங்கே ஊன்றிக் கற்றார். ஏசு சொன்னதும் காந்தி செய்ததும் ஒன்றுதான் என்பது அவர் நம்பிக்கை.

பிறகு நாஷ்வில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இறையியல் படிக்கச் சேர்ந்தார். சர்ச்சில் மாணவர்களைக் கூட்டிப் பயிற்சி கொடுத்தார்.

சில மாணவர்கள் வெள்ளையராக நடிப்பார்கள். திட்டுவார்கள், பிடித்துத் தள்ளுவார்கள், முகத்தில் சிகரெட் புகை விடுவார்கள். மற்றவர்கள் அசையக்கூடாது. கை ஓங்கக்கூடாது, பதிலுக்குத் திட்டவும் கூடாது!

அடித்தவனை விட்டார்கள்!

1960 பிப்ரவரி 13-ந் தேதி மாணவர்கள் கடைகளுக்குள் போய் உட்கார்ந்தார்கள். 27-ந் தேதி குண்டர்கள் பாய்ந்தார்கள். உதை விழுந்தது. மாணவர்கள் திருப்பி அடிக்கவில்லை. போலீஸ் வந்தது. யாரைப் பிடித்தது? அடிச்சவங்களை இல்லை, அடி வாங்கினவங்களை! 81 பேர் கைது.

அபராதம் கட்டினால் வீட்டுக்குப் போகலாம் என்றது கோர்ட்டு. மாணவி டயன் நாஷ், வேதாகமக் கல்லூரி மாணவர் ஜான் லூயிஸ் உள்பட பலர் "ஜெயிலே மேல்" என்று போய்விட்டார்கள்.

லாசனுக்கும் தண்டனை கிடைத்தது. மார்ச்சில் அவரை வாண்டர்பில்ட் வெளியேற்றியது. சாமியைப் பற்றிப் படிக்க வந்த இடத்தில், சாமி சொன்னபடி நடந்தவருக்கு இடமில்லை!

மேயர் சொன்ன பதில்

ஏப்ரல் 19-ந் தேதி மாணவர்களின் வக்கீல் வீட்டில் குண்டு வெடித்தது. அன்றே ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாக மேயரிடம் போனார்கள். நிறம் பார்த்து ஒதுக்குவது சரியா என்று நேருக்கு நேர் கேட்டார், டயன் நாஷ். தப்புதான் என்று ஒப்புக்கொண்டார், மேயர்.

மே 10-ந் தேதி 6 கடைகளில் கறுப்பின மக்களுக்குச் சாப்பாடு பரிமாறப்பட்டது.

ஜான் லூயிஸ் பிறகு அமெரிக்கப் பாராளுமன்ற உறுப்பினராகி, 2020-ல் மறையும் வரை பதவியில் இருந்தார். லாசன் 2024-ல் தமது 95-வது வயதில் காலமானார்.

அவரை வெளியே அனுப்பிய வாண்டர்பில்ட்? 2006-ல் அதே பல்கலைக்கழகத்துக்குள் அவர் மறுபடி நுழைந்தார். இந்தத் தடவை பேராசிரியராக!